மழையும் வீடும்: தீவக இல்லங்களை நீரிலிருந்து காப்பது எப்படி?

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் நடந்த ஒரு சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஒரு வெள்ளிக்கிழமை குத்பா நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் வந்து, வரட்சியினால் கால்நடைகள் அழிகின்றன, மழைக்காகத் துஆச் செய்யுங்கள் என்று கேட்டார். நபியவர்கள் கைகளை உயர்த்திப் பிரார்த்தித்தார்கள். மழை தொடங்கியது, ஒரு வாரம் ஓயவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மற்றொரு முறையீடு வந்தது: வீடுகள் இடிந்து விழுகின்றன. அப்போது நபியவர்கள் மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்கள் மீது பெய்யாமல் எங்களைச் சுற்றிலும், மேடுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் மரங்களின் வேரடிகளிலும் பெய்யவேண்டும் என்றே இறைஞ்சினார்கள்.

மழை ரஹ்மத்தாக இருப்பதற்கும் சேதமாக மாறுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு அந்தத் துஆவிலேயே இருக்கிறது. விழும் நீர் விழவேண்டிய இடத்தில் விழுந்து, போகவேண்டிய வழியில் போனால் அது அருள். கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் அத்திவாரத்தின் அடியிலும் தங்கினால் அது அழிவு. வீட்டை நீரிலிருந்து காப்பது என்பது நீருக்கு வழிகாட்டும் கலைதான். துஆக் கேட்ட கைகளே அதற்கான வேலையையும் செய்யவேண்டும்.

தீவகமும் மழையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலில் பரந்திருக்கும் தீவுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி ஆகிய ஊர்களைக் கொண்ட தீவு பண்ணைப் பாலத்தால் யாழ் நகருடன் இணைந்துள்ளது. புங்குடுதீவுக்கும் தரைவழிப் பாதை உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போவதற்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். இத்தீவுகள் எல்லாம் தட்டையானவை. கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே உள்ளவை. மேலே மெல்லிய மண். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல்.

குடாநாட்டுப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஈரவலயத்தோடு ஒப்பிட்டால் இது அதிகமில்லை. ஆனால் இதில் பெரும்பங்கு ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2008 நவம்பர் 25 ஆம் திகதி 'நிஷா' சூறாவளியின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 389.8 மில்லிமீற்றர் மழை பதிவானது. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். அப்படியானால் 60 சதுர மீற்றர் கூரையுள்ள ஒரு சாதாரண வீட்டின் மேல் அன்று விழுந்தது 23,000 லீற்றருக்கும் அதிகம். ஆயிரம் லீற்றர் தாங்கிகள் இருபத்துமூன்றை வரிசையாக நிரப்பக்கூடிய அந்த நீர் எங்கே போனது என்பதைப் பொறுத்தே வீட்டின் கதி அமைந்திருக்கும்.

தீவகத்தாருக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஒரு பை சீமெந்து, ஒரு கட்டு ஓடு, ஒரு கம்பி எதுவானாலும் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகில்தான் வரவேண்டும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது. நகரத்தில் இருப்பவர் கூரை ஒழுகினால் மறுநாள் கடைக்குப் போகலாம். தீவில் இருப்பவர் மழைக்கு முன்னரே யோசித்திருக்க வேண்டும்.

நீர் வீட்டுக்குள் வரும் ஐந்து வழிகள்

முதலாவது, மேலிருந்து. ஓடு வெடித்தல், ஓடு நகர்தல், முகட்டோட்டின் சாந்து உதிர்தல், தகட்டு ஆணியின் துளை பெருத்தல், கொங்கிரீட் தட்டில் நீர் தேங்குதல் என்பன இதற்குக் காரணங்கள். கூரை ஒழுகும் இடமும் உள்ளே சொட்டும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. கூரைக்குள் புகுந்த நீர் கைமரத்தின் வழியே சரிந்து ஓடித் தூரத்தில் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்துக்கு நேர்மேலே மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடக் கூடாது. அதிலிருந்து முகட்டுப் பக்கமாகத் தேடிக்கொண்டு போகவேண்டும்.

இரண்டாவது, பக்கத்திலிருந்து. எமது மழை வாடைக் காற்றோடு வருவது. அது செங்குத்தாக விழாமல் சாய்ந்து அடிக்கும். அதனால் வடக்கு, கிழக்குச் சுவர்களும் அவற்றிலுள்ள யன்னல்களுமே அதிகம் நனைகின்றன. ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் சோளகக் காற்று தெற்கு, மேற்குச் சுவர்களில் கடலுப்பைக் கொண்டுவந்து படியவிடுகிறது. ஒரே வீட்டின் நான்கு சுவர்களும் ஒரே விதமாகப் பழுதடைவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, கீழிருந்து. மெல்லிய குழாயொன்றை நீரில் நிறுத்தினால் நீர் தானாக மேலேறும் என்பதை விஞ்ஞான பாடத்தில் மயிர்த்துளை எழுகை என்று படிக்கிறோம். செங்கல், முருகைக்கல், சீமெந்துக்கல் ஆகிய எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்திருக்கின்றன. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் நிலமட்டத்தை நெருங்கும்போது சுவர் ஒரு திரியைப் போல அதை உறிஞ்சுகிறது. முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை ஈரம் ஏறி, அங்கே ஒரு கோடு போட்டதுபோல் கறை விட்டுவிடும்.

நான்காவது, வீட்டுக்குள்ளிருந்தே. குளியலறை, சமையலறை, வுழூச் செய்யும் இடம் ஆகியன நாளுக்குப் பலமுறை நனைபவை. ஐவர் வாழும் வீட்டில் ஐந்து நேரத் தொழுகைக்கும் எல்லோரும் ஒரே இடத்தில் வுழூச் செய்தால் அந்தத் தரை நாளில் இருபத்தைந்து தடவை நனைகிறது. அதன் சரிவு வடிகாலை நோக்கி இல்லாமல் சுவரை நோக்கி இருந்தால், மழையே பெய்யாத மாதத்திலும் அச்சுவர் ஈரலிப்பாகவே இருக்கும்.

ஐந்தாவது, வெள்ளம். முற்றத்தில் தேங்கி, வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவது. இது ஆண்டுதோறும் வராது. ஆனால் வரும் ஆண்டில் மற்ற நான்கும் பத்து வருடத்தில் செய்யும் சேதத்தை ஒரே இரவில் செய்துவிடும்.

ஈரம் எந்த வழியில் வந்தது என்று தெரியாமல் பூச்சுப் பூசுவது, நோய் தெரியாமல் மருந்து குடிப்பதற்குச் சமம். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஓர் அடி சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து, நாற்புறமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாட்கள் விடுங்கள். பொலித்தீனின் பின்புறத்தில், அதாவது சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்புறத்தில் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். யன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுப்பதே அதற்குப் பரிகாரம்.

உப்பு என்னும் மறைந்த எதிரி

நீர் மட்டும் வந்து போனால் சுவர் காய்ந்துவிடும். தீவகத்தில் நீர் தனியே வருவதில்லை. உப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறது. நிலத்தடி நீரிலும் கடற்காற்றிலும் சிலவேளை கட்டிய மணலிலும் உப்பு இருக்கிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிப் பளிங்காகிறது. பளிங்கு வளரும்போது சாந்தைத் தள்ளுகிறது. வெள்ளைப் பூவாய் வெடித்து, பொருக்குப் பொருக்காய் உதிர்வது இதனால்தான். இதை நாம் 'உவர் பூத்தல்' என்கிறோம்.

கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் உப்பே பகை. நல்ல கொங்கிரீட் காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படையை உண்டாக்கி வைத்திருக்கும். குளோரைட்டு உள்ளே புகுந்தால் அந்தப் படை உடைகிறது. நீரும் ஒட்சிசனும் சேரக் கம்பி துருப்பிடிக்கிறது. துருவின் கனவளவு, அது உண்டான இரும்பின் கனவளவைப் போல் பலமடங்கு. இடம் போதாமல் அது கொங்கிரீட்டைப் பிளக்கிறது. கரையோர வீடுகளில் தூண்களின் ஓரத்தில் நெடுக்காக வெடிப்பு ஓடி, பழுப்பு நிறக் கறை வடிவதைக் கண்டிருப்பீர்கள். அதை மேலே சாந்து பூசி மறைத்தால் உள்ளே துரு தொடர்ந்து வளரும். உதிர்ந்த பகுதியை முழுதும் தட்டியகற்றி, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூசிய பின்னரே மூடவேண்டும். தூண், தீராந்தி, தட்டு போன்ற பாரம் தாங்கும் இடமானால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரிடம் காட்டுவது அவசியம்.

ஆகவே புதிதாகக் கட்டுவோர் கழுவாத கடல் மணலையும் உவர்க் கிணற்று நீரையும் தவிர்க்கவேண்டும். கொண்டுவந்த மணலில் உப்பு இருக்கிறதா என்று அறிய விரும்பினால், மாணவியரே, உங்கள் இரசாயன அறிவு அதற்குப் போதும். ஒரு கைப்பிடி மணலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, தெளிந்த நீரை வடித்தெடுத்து, ஆய்வுகூடத்தில் ஆசிரியையின் மேற்பார்வையில் சில துளி ஐதான நைத்திரிக்கமிலமும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலும் இடுங்கள். பால்போல் வெள்ளை வீழ்படிவு தோன்றினால் குளோரைட்டு இருக்கிறது. பரீட்சைக்குப் படித்த ஒரு தாக்கம் ஒரு வீட்டின் ஆயுளைக் கூட்டுமானால் அதைவிடப் பயனுள்ள கல்வி வேறென்ன?

மணல் பற்றி இன்னும் ஒன்று. மண்கும்பான், அல்லைப்பிட்டி, சாட்டிப் பகுதிகளின் மணல் மேடுகள் வெறும் மணற்குவியல்கள் அல்ல. மழைநீரை உறிஞ்சி நன்னீராகச் சேமித்துவைக்கும் இயற்கைத் தாங்கிகள். சாட்டிக் கிணறுகளின் நல்ல தண்ணீர் அயல் ஊர்களின் தாகத்தையும் தீர்த்துவருகிறது. வீடு கட்டுவதற்காக அந்த மேடுகளை அள்ளினால், வீடு எழும், கிணறு உவராகும்.

மூத்தோர் கட்டிய வீடு

நெடுந்தீவுக்குப் போனவர்கள் வீதிக்கு வீதி முருகைக்கல் மதில்களைப் பார்த்திருப்பார்கள். சாந்தில்லாமல், கல்லின் மேல் கல்லாய் அடுக்கப்பட்டவை. மழை அவற்றின் ஊடாகப் புகுந்து மறுபக்கம் போய்விடும், காற்றும் அப்படியே. எதிர்த்து நிற்காததாலேயே அவை நிலைத்து நிற்கின்றன. நெடுந்தீவின் ஒல்லாந்தர் கோட்டையும், ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலில் நிற்கும் கடற்கோட்டையும் முருகைக்கல்லால் எழுந்தவையே.

முருகைக்கல் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. துளைகள் நிறைந்தது. அதைச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டி, சுண்ணாம்பாலேயே பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியேயும் விடும். மழைக்காலத்தில் குடித்ததை வெயில்காலத்தில் சுவர் மூச்சாக வெளியேற்றிவிடும். இன்று பழைய முருகைக்கல் வீட்டைத் திருத்துவோர் பலர், உறுதியாக இருக்கட்டும் என்று அதன் மேல் சீமெந்தைப் பூசிவிடுகிறார்கள். உள்ளே அகப்பட்ட ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. சில மழைகளுக்குப் பின் சீமெந்துப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். கூடவே கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். பழைய சுவருக்குப் பழைய மருந்துதான் ஒத்துக்கொள்ளும்: சுண்ணாம்புச் சாந்து, வெள்ளையடிப்பு.

இதைச் சொல்வது மீண்டும் முருகைக்கல் தோண்டுவதற்காக அல்ல. கடலடி முருகைப் பார்களே அலையின் வேகத்தைக் குறைத்துக் கரையைக் காக்கின்றன. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்துள்ளன. இருக்கும் கல்லைக் காப்பாற்றுவோம், புதிதாகத் தோண்டவேண்டாம்.

பழைய வீட்டின் மற்ற அமைப்புகளும் மழையை எண்ணியே செய்யப்பட்டவை. நிலத்திலிருந்து உயர்த்திய திண்ணையும் குந்தும் வெள்ளத்தை வெளியே நிறுத்தின. நீண்டு இறங்கிய தாழ்வாரம் சுவரில் சாரல் படாமல் காத்தது. வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை ஈரத்தையும் கரையானையும் தாங்கியது. பனையோலைக் கூரையை மழைக்கு முன் புதிதாக வேய்ந்தார்கள்; கழற்றிய பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையானது. பராமரிப்பு என்பது பழுது வந்தபின் செய்யும் வேலையாக அன்று இருக்கவில்லை. பருவம் வந்ததும் செய்யும் வேலையாக இருந்தது.

கூரை இழந்த வீடுகள்

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது நயினாதீவு, மண்கும்பான் உட்படத் தீவகத்தில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களும் வீடுகளை விட்டுப் போயின. யுத்தத்தால் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அக்காலத்தில் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்தன. பல ஆண்டுகளின் பின் திரும்பியவர்கள் கண்டது என்ன? ஓடும் மரமும் கதவும் போய், மொட்டைச் சுவர்களாய் நின்ற வீடுகள். சுவருக்குள் வேர்விட்ட ஆலும் அரசும்.

அந்தச் சுவர்களை வீழ்த்தியதில் குண்டுக்கு இருந்த பங்கைவிட மழைக்கு இருந்த பங்கு பல இடங்களில் பெரிது. கூரை போனதும் சுவரின் உச்சி திறந்துகிடக்கிறது. நீர் மேலிருந்து இறங்கிச் சாந்தைக் கரைக்கிறது. கரைந்த இடைவெளியில் பறவை இட்ட விதை முளைக்கிறது. வேர் தடிக்கத் தடிக்கச் சுவர் பிளக்கிறது. ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு வரிசைக் கல்லைத் தின்கிறது. இன்றும் உரியவர் வெளியூரில் இருக்கப் பூட்டிக்கிடக்கும் வீடுகள் தீவகத்தில் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் மூன்று காரியங்களைச் செய்தால் போதும்: ஆண்டுக்கொரு முறை கூரையைப் பார்ப்பது, சுவரில் முளைத்ததைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குவது, மாதம் ஒருமுறை கதவு யன்னலைத் திறந்து காற்றுவிடுவது. கூரையே இல்லாத சுவரென்றால் அதன் உச்சியைச் சுண்ணாம்புச் சாந்தால் மூடிச் சரிவு வைத்துவிட்டால் அது இன்னும் பல மழைகளுக்கு நிற்கும்.

மழைக்கு முன்: ஓகஸ்ட், செப்டெம்பர் வேலைகள்

கூரையிலிருந்து தொடங்குங்கள். உடைந்த ஓடுகளை மாற்றி, முகட்டோட்டின் சாந்தைப் புதுப்பியுங்கள். தகட்டுக் கூரையானால் ஆணிகள் அலையின் மேட்டில்தான் இருக்கவேண்டும். பள்ளத்தில் அடித்த ஆணி நீருக்கு வாசல் திறந்துவிட்டதற்குச் சமம். றப்பர் வாசர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். அஸ்பெஸ்டஸ் தகட்டை உலர்ந்த நிலையில் அராவவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. கொங்கிரீட் தட்டில் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். ஓடாமல் நின்றால் அந்த இடத்துக்குச் சரிவு வேண்டும்.

அடுத்து பீலி. கஃபாவின் கூரையில் மழைநீர் வடிவதற்கென 'மீஸாபுர் ரஹ்மா' என்னும் பீலி உண்டு என்பதை நாம் அறிவோம். மக்கா பள்ளத்தாக்கில் உள்ள ஊர். 1630 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கஃபாவின் சுவர்கள் இடிந்து, உதுமானிய சுல்தான் நான்காம் முராதின் காலத்தில் மீளக் கட்டப்பட்டன. புனித ஆலயத்துக்கே நீர்வழி தேவைப்பட்டதென்றால் எமது குடிலுக்குத் தேவையில்லையா? பீலியில் சேர்ந்த வேப்பிலை, பனங்குப்பை, பறவைக்கூடு எல்லாவற்றையும் அகற்றுங்கள். பத்தடி நீளத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அது சரிந்திருந்தால் நீர் தேங்காது. தேங்கினால் வீட்டுக்கு ஈரம் மட்டுமல்ல, டெங்கு நுளம்பும் வரும். யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகுவது மழையை ஒட்டிய மாதங்களில்தான்.

யன்னல் மேலுள்ள கொங்கிரீட் சாய்ப்புகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளியோரத்துக்கு அருகே விரலகலத்தில் ஒரு நீள வரிப்பள்ளம் இருந்தால், நீர் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவரைச் சேரும். புதிதாகக் கட்டும்போது செலவில்லாமல் செய்யக்கூடிய இச்சிறு வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சுவரைச் சுற்றியுள்ள நிலம் வீட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரியவேண்டும். முதல் பத்தடிக்கு ஆறங்குலச் சரிவு நல்லது. பூச்சாடிகளையும் மணற்குவியலையும் விறகையும் சுவரோடு சேர்த்து அடுக்காதீர்கள். அவை ஈரத்தையும் கரையானையும் சுவருக்கு அழைத்துவரும். வீட்டுக்கு நெருக்கமாகச் சாய்ந்து நிற்கும் முருங்கை, தென்னைகளின் கிளைகளையும் காய்ந்த மட்டைகளையும் காற்றுக்கு முன் வெட்டிவிடுங்கள்.

புதிய வீடு கட்டுவோருக்கு இரண்டு வார்த்தை. அவ்வூரின் முதியவர்களிடம், அறிந்த வரையில் வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அதற்கு மேல் குறைந்தது ஓரடியாவது உயர்த்தித் தரை போடுங்கள். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் மேசன்மார் 'டீ.பீ.சீ.' என்று சொல்லும் ஈரத்தடுப்புப் படையைத் தவறவிடாதீர்கள். மயிர்த்துளை எழுகையை அந்த மெல்லிய படை அங்கேயே நிறுத்திவிடும். பின்னர் அதை இடுவதற்குச் சுவரையே அறுக்க வேண்டியிருக்கும்.

மழை நாளிலும் வெள்ளத்தின் பின்னும்

வெள்ளம் வாசலை நெருங்கினால் முதலில் பிரதான ஆளியை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டியுங்கள். நீர் உள்ளே வந்தபின் நனைந்த கையோடு அதைத் தொடக்கூடாது. சுவர்களில் ஈரம் ஊறும் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் அது எச்சரிக்கை. அதைக் கட்டிவைத்து ஏமாற்றாமல் மின்னிணைப்பாளரை அழையுங்கள்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தடித்த பொலித்தீன் உறையிலிட்டு, மூடியுள்ள வாளியொன்றில் உயரத்தில் வையுங்கள். உறுதியைத் தொலைத்துத் தம் சொந்தக் காணியை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் நம் சமூகத்தில் பல. குர்ஆனும் கிதாபுகளும் இருக்கும் அலுமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது.

வெள்ளம் வடிந்தபின் அவசரப்பட்டுப் பெயின்ற் அடிக்காதீர்கள். ஈரச் சுவருக்குப் பூசிய பெயின்ற் கொப்புளித்து உரியும். கதவு யன்னலைத் திறந்து வாரக்கணக்கில் காயவிடுங்கள். சுவரில் பூத்த உவரை நீரூற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து, உதிர்வதை அள்ளி வெளியே கொட்டுங்கள். பூஞ்சணத்தை மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சவர்க்கார நீரால் துடையுங்கள். வெளிற்றும் திரவத்தை வேறு சுத்திகரிப்புத் திரவங்களுடன் கலக்கக்கூடாது. நச்சு வாயு எழும். வெள்ளநீரில் ஊறிய பஞ்சு மெத்தையைக் காயவைத்துப் பாவிப்பதைவிட விட்டுவிடுவது நல்லது. கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்டு, நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும்.

கூரை நீர் தாங்கிக்குள் போகட்டும்

கடற்கோட்டையின் வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. 1658 இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டபோது உள்ளிருந்த போர்த்துக்கேயரைப் பணியவைத்தது குடிநீர் இல்லாமையே. நாற்புறமும் நீர், குடிக்க ஒரு துளியில்லை. தீவக வாழ்வின் துயரமும் அதுவே. மழைக்காலத்தில் முற்றத்தில் நீச்சலடிக்கும் அளவு நீர்; ஆவணியில் குடத்தோடு வரிசை.

ஒரு கணக்குப் பாருங்கள். மூன்று மாத மழையில் 800 மில்லிமீற்றர் பெய்தால், 60 சதுர மீற்றர் கூரையில் விழுவது 48,000 லீற்றர். ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பிடித்தாலும் 38,000 லீற்றருக்கு மேல். ஐவர் உள்ள குடும்பத்தில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்றால் மழையில்லாத 270 நாட்களுக்குத் தேவை 6,750 லீற்றர்தான். கூரையில் விழும் நீரின் ஏழில் ஒரு பங்கு ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தாகத்தைத் தீர்க்கும். இலங்கை அரசு 2005 ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்புக்கான தேசியக் கொள்கையை ஏற்றுக்கொண்டது இத்தகைய கணக்குகளைப் பார்த்துத்தான்.

முதல் மழைகளின் நீர் கூரையைக் கழுவ. அதைத் தாங்கிக்குள் விடாதீர்கள். பீலியிலிருந்து வரும் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். தாங்கி வெளிச்சம் புகாமலும் நுளம்பு புகாமலும் மூடியிருக்கவேண்டும். நிரம்பி வழியும் நீரைச் சுவரடியில் விடாமல் தோட்டத்துக்கோ உறிஞ்சு குழிக்கோ கொண்டுபோங்கள். நிலத்துக்குள் இறங்கும் ஒவ்வொரு லீற்றரும் எமக்கே திரும்பிவரும். ஏனெனில் தீவுகளின் அடியில் நன்னீர், உவர் நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்துகொண்டிருக்கிறது. மழை அந்த வில்லையைத் தடிப்பாக்கும். அளவுக்கு மீறி இறைத்தால் அது மெலிந்து, கீழிருக்கும் உவர் கிணற்றுக்குள் ஏறும்.

அயலாரின் உரிமை

தன் வளவை மட்டும் மண்போட்டு உயர்த்தி, மதிலைச் சுற்றிக் கட்டி, வாய்க்காலை அடைத்துக்கொண்டால் ஒருவரின் வீடு காயும். அடுத்தவரின் வீடு மிதக்கும். கேணியையும் குளத்தையும் நிரப்பி வீடு கட்டினாலும், மதகுகளைக் குப்பையால் அடைத்தாலும் இதே கதிதான். அயல்வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய அளவைக் கண்டு, அவர்களையும் வாரிசாக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணியதாக ஹதீஸ் கூறுகிறது. அந்த உரிமையில் நீர்வழியும் அடங்கும். மழைக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஒழுங்கையில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாய்க்காலைத் துப்புரவு செய்தால், தனித்தனியே பல மதில் கட்டுவதைவிட அது எல்லா வீட்டையும் காக்கும். அயலவர் எந்தச் சமயத்தவர் என்று வெள்ளம் கேட்பதில்லை, நாமும் கேட்கவேண்டியதில்லை.

மாணவியரே, வீட்டைப் பார்ப்பது வாப்பாவின் வேலை, மேசனின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள் அதிக நேரம் வாழ்பவர்கள் பெண்கள். ஈரத்தின் முதல் கறையைக் காண்பதும் அவர்களே. அடுத்த மழை பெய்யும் நாளில் ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். எந்தச் சுவரில், தரையிலிருந்து எத்தனை அடியில், மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் ஈரம் தெரிந்தது என்று எழுதுங்கள். மூன்று மழைகள் எழுதினால் உங்கள் வீட்டின் நோய் எதுவென்று உங்களுக்கே புரிந்துவிடும். அந்தத் தாளை உம்மாவிடமும் வாப்பாவிடமும் காட்டுங்கள். வரும் ஓகஸ்ட் மாதத்தில் எந்த வேலையை முதலில் செய்வது என்று குடும்பமாகக் கூடிப் பேசுங்கள்.